ஸ்கேனருக்குப் பதில் சொல்லாத ஈசியூ: ஆறு கிழமையும் ஒரு எர்த் வயரும்

தைப்பொங்கலுக்கு முதல் நாள் பின்னேரம் கார் ஸ்டார்ட் ஆகிவிட்டது. டிசம்பர் முதற்கிழமையில் இருந்து வாசலில் அசையாமல் நின்ற கார். கடைசியில் திருத்தத்துக்குப் போன சாமான்களின் விலை 1,550 ரூபா. அதற்கு முன்னால், பாவித்த ஈசியூ (எஞ்சினை நடத்தும் கணினி) ஒன்றை 48,000 ரூபாவுக்கு வாங்குவதாக ஏறக்குறைய முடிவே எடுத்துவிட்டேன். ஸ்டார்ட்டர் சுற்றியும் எஞ்சின் பிடிக்காத, ஸ்கேனருக்கும் பதில் சொல்லாத கார் வைத்திருப்பவர்கள் அந்தக் காசைக் கட்டுவதற்கு முன் இதை ஒருமுறை வாசிக்க வேண்டும் என்பதற்காக, நடந்ததை நடந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன். பிழையாகப் போன இடங்களும் இதில் இருக்கின்றன.

கார் 2009ஆம் ஆண்டு ஜப்பான் ஹட்ச்பேக், 1,000 சிசி. வீடு திருகோணமலை அலஸ்தோட்டத்தில். கடற்கரைக்கு 250 மீற்றர்கூட வராது. வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் காலையில் கண்ணாடியை விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். நான் மோட்டார் மெக்கானிக் இல்லை. மீன்பிடி வள்ளங்களின் ஜிபிஎஸ், ரேடியோ செட், மீன் தேடும் கருவி இவற்றைத் திருத்துவதுதான் தொழில். மல்டிமீற்றரும் சோல்டரிங் அயனும் கையில் இருந்தாலும், காரின் எலக்ட்ரிக்கலில் இவ்வளவு தூரம் இறங்கியது இதுதான் முதல் தடவை.

நவம்பர் கடைசியில் கந்தளாயில் இருந்து வரும்போது, நல்ல மழைக்குள், எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ரெவ் முள் திடீரென்று பூச்சியத்துக்கு விழுந்தது. எஞ்சின் நின்றது. விளக்கு, வைப்பர், ரேடியோ எல்லாம் வேலை செய்தன. ஸ்டார்ட்டர் பலமாகச் சுற்றியது, ஆனால் எஞ்சின் பிடிக்கவில்லை. நாற்பது நிமிடம் ஓரத்தில் நின்ற பிறகு ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆனது. அடுத்த பத்து நாளில் இப்படி மூன்று தடவை. நாலாவது தடவை வீட்டு வாசலிலேயே நின்றது, பிறகு எழும்பவே இல்லை.

முதல் நாளே கவனித்திருக்க வேண்டிய குறி ஒன்று இருந்தது. திறப்பை ஓன் நிலைக்குத் திருப்பினால், எஞ்சின் ஸ்டார்ட் ஆவதற்கு முன்பே மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு எரிய வேண்டும். என் காரில் எரியவில்லை. அந்த விளக்கு எரியாவிட்டால், விளக்கே பழுதாக இல்லாதவரை, பெரும்பாலும் ஈசியூ உயிரோடு இல்லை, அல்லது அதற்கு மின்சாரம் போகவில்லை. பெட்ரோல் பம்ப், பிளக், கொயில் எதையும் தொடத் தேவையில்லை. நான் அதைக் கவனிக்காமல் பிளக் நாலையும் கழற்றிப் பார்த்து ஒரு காலைப் பொழுதைப் போக்கினேன்.

அப்புறம் 3,200 ரூபாவுக்கு, காரின் கணினியோடு பேசிப் பழுதை வாசிக்கும் புளூடூத் ஸ்கேனர் ஒன்று வாங்கினேன். டாஷ்போர்ட்டின் கீழே உள்ள 16 கால் சொக்கெட்டில் செருகியதும் அதன் சிவப்பு விளக்கு எரிந்தது, ஃபோனோடும் இணைந்தது. ஆனால் காரோடு பேசவில்லை. ஸ்கேனரில் விளக்கு எரிந்தால் காரின் கணினியும் உயிரோடு இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. சொக்கெட்டின் 16ஆம் காலில் பற்றரியில் இருந்து நேரடியாக வரும் பிளஸ், 4ஆம் 5ஆம் கால்களில் மைனஸ். ஸ்கேனர் எரிய அது போதும். ஈசியூ செத்துக் கிடந்தாலும் அது எரியும்.

நகரில் ஒரு கராஜில் இருந்து ஆளை வரவழைத்தேன், 2,500 ரூபா. அவர் கொண்டுவந்த பெரிய ஸ்கேனரில் பிரேக்கைக் கவனிக்கும் ஏபிஎஸ் கணினி பதில் சொன்னது, ஏர்பேக் பதில் சொன்னது, எஞ்சின் மட்டும் பதில் சொல்லவில்லை. ஏபிஎஸ்ஸில் யூ0100 என்ற கோட் இருந்தது. எஞ்சின் கணினியோடு தொடர்பு அறுந்துவிட்டது என்று அர்த்தம். "ஈசியூ போயிற்று, மாற்ற வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் பார்த்ததில் பிழை இல்லை. ஆனால் பதில் வரவில்லை என்பதற்கும் ஈசியூ பழுது என்பதற்கும் நடுவில் இன்னும் பல சோதனைகள் இருந்தன. அவற்றைச் செய்ய எனக்கு ஐந்து கிழமை பிடித்தது.

முதலில் எளிதானவற்றைச் செய்தேன். பற்றரி ஓய்வில் 12.5 வோல்ற், ஸ்டார்ட்டர் சுற்றும்போது 10.4. நல்ல பற்றரி. முனைகள் வெள்ளை பூத்திருந்ததால் இரண்டையும் மாற்றினேன், 950 ரூபா. எஞ்சின் பக்கம் தெரிந்த எர்த் போல்ட்டுகள் (மைனஸ் வயர்களை உலோக உடம்போடு சேர்ப்பவை) மூன்றையும் சைஸ் 10 ஸ்பானரால் கழற்றி, வளையத்தையும் போல்ட்டையும் சாண்ட் பேப்பரால் பளபளக்கத் தேய்த்து இறுக்கினேன். பழுது அந்த மூன்றில் ஒன்றில்தான் இருந்தது. அதைக் கையில் எடுத்துத் துடைத்துத் திரும்பவும் பூட்டியிருக்கிறேன் என்பது பொங்கலுக்கு முதல் நாள்தான் தெரிந்தது.

அடுத்தது தொடர்பு வயர்கள். இந்தக் காலத்துக் கார்களில் கணினிகள் இரண்டு வயர்களில் பேசிக்கொள்கின்றன, அதைக் கேன் என்பார்கள். சொக்கெட்டில் அவை 6ஆம், 14ஆம் கால்கள். இரண்டுக்கும் நடுவில் ஓம் அளந்தால் 60 வர வேண்டும். வயரின் இரு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருக்கிறது, இரண்டும் சமாந்தரமாகச் சேர்ந்தால் 60. நான் முதலில் பற்றரியைக் கழற்றாமலே அளந்தேன். 43 வந்தது, பிறகு 71, பிறகு எண் ஓடிக்கொண்டே இருந்தது. வயர் எங்கோ ஷோர்ட் என்று நினைத்து இரண்டு நாள் டாஷ்போர்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மின்சாரம் உள்ள வயரில் ஓம் அளக்கக் கூடாது என்பது எனக்குத் தொழிலில் தெரிந்த விஷயம், காருக்குள் குனிந்து கிடக்கும்போது மறந்துபோனது. பற்றரி மைனஸைக் கழற்றி, பத்து நிமிடம் விட்டு அளந்தால் 60.4. இம்மியும் அசையவில்லை.

இந்த 60 மிகவும் பயனுள்ள எண். 120 வந்திருந்தால் ஒரு பக்கம் வயர் அறுந்திருக்கிறது. பூச்சியத்துக்குப் பக்கத்தில் வந்திருந்தால் இரண்டும் ஒன்றோடொன்று தொடுகின்றன. 60 வந்ததால் தொடர்பு வயர் ஈசியூவரைக்கும் நலமாகப் போகிறது என்று எடுத்துக்கொண்டேன். ஆக, ஒன்றில் ஈசியூ பழுது, இல்லாவிட்டால் அதற்குச் சாப்பாடு போகவில்லை.

ஒரு சென்சர் உள்ளே ஷோர்ட் ஆனால் ஈசியூ கொடுக்கும் 5 வோல்ற் லைன் விழுந்து ஈசியூவே மயங்கிவிடும் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு, சென்சர்களின் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றித் திறப்பைப் போட்டுப் பார்த்தேன். மாற்றம் இல்லை. அது நடக்கக்கூடிய பழுதுதான், என் காரில் இருக்கவில்லை.

ஈசியூவுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் மெயின் ரிலே சில நேரம் டிக் என்றது, சில நேரம் பேசாமல் இருந்தது. பிடித்துவிட்டேன் என்று புதிய ரிலே வாங்கினேன், 1,850 ரூபா. அதே கதை. இந்தக் காரில் மெயின் ரிலேயை இழுப்பதே ஈசியூதான். ஈசியூ மயங்கினால் ரிலேயும் பேசாது. நான் விளைவைப் பார்த்துக் காரணம் என்று எண்ணிவிட்டேன்.

கடைசியில் ஈசியூவின் பெரிய கனெக்டரைக் கழற்றி அதன் கால்களில் நேரடியாக அளந்தேன். பணிமனைக் கைநூலின் வயரிங் படம் கையில் இருந்தது. நிரந்தர பிளஸ் 12.4 வோல்ற். திறப்பைப் போட்டால் வரும் பிளஸ் 12.3. ரிலே இருந்த இடத்தில் இரண்டு தடித்த துளைகளையும் பியூஸ் வைத்த சிறு வயரால் இணைத்துப் பார்த்தால் மூன்றாவது பிளஸும் 12.3. மைனஸ் மூன்றுக்கும் மீற்றரைப் பீப் சத்தத்தில் வைத்துப் பார்த்தேன். மூன்றிலும் பீப். எல்லாம் சரி, அப்படியென்றால் ஈசியூதான் போய்விட்டது என்று அன்றிரவு எழுதி வைத்தேன். அந்தக் குறிப்பு இப்போதும் கொப்பியில் இருக்கிறது.

கொழும்பில் பஞ்சிகாவத்தையில் பாவித்த உதிரிப்பாகம் விற்கும் ஒருவரிடம் கேட்டதற்கு, அதே இலக்கமுள்ள ஈசியூ இருக்கிறது, 48,000 என்றார். வாங்கிப் பூட்டினாலும் உடனே ஓடாது. திறப்பில் உள்ள சிப்பை அந்த ஈசியூ அடையாளம் காணாது, அதைப் பழக்க இன்னொரு செலவு. அந்தக் கூடுதல் செலவுதான் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. இவ்வளவு காசு கொடுப்பதற்கு முன், என்னிடம் உள்ள ஈசியூ உண்மையிலேயே செத்ததா என்று என் மேசையில் வைத்தே பார்த்துவிடலாமே.

சனிக்கிழமை அதைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோனேன். வள்ளத்துச் செட்டுகளுக்குப் பாவிக்கும் மின்வழங்கியை 12.6 வோல்றில் வைத்து, 2 ஆம்பியருக்கு மேல் போகாதபடி கட்டுப்படுத்தினேன். பிளஸ் மூன்று, மைனஸ் மூன்று, தொடர்பு வயர் இரண்டு, ஆக எட்டு வயர். பழைய சொக்கெட் ஒன்றில் 6, 14ஐ இணைத்து, காரின் மறு முனையில் இருக்கும் ரெசிஸ்டருக்குப் பதிலாக 120 ஓம் ஒன்றைக் குறுக்கே போட்டேன். ஸ்கேனரைச் செருகினேன். மீற்றர் 0.2 ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாகக் காட்டியது. பத்து விநாடிக்குள் ஃபோனில் இணைந்துவிட்டது. எஞ்சின் தண்ணீர் வெப்பநிலை மைனஸ் 40 பாகை என்று எழுதியது. சென்சர் பூட்டாமல் வயர் திறந்து கிடந்தால் அந்த எண்தான் வரும். திருகோணமலையில் ஒரு மேசைமேல் மைனஸ் 40 பாகையைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டது நானாகத்தான் இருக்கும். என் ஈசியூ உயிரோடு இருந்தது.

அப்படியானால் காரில் ஏன் பேசவில்லை? அளந்ததெல்லாம் சரியாகத்தானே இருந்தது?

கிண்ணியாவில் லொறி, பஸ் வயரிங் வேலை செய்யும் நானா ஒருவர் எனக்குப் பழக்கம். அவருடைய தம்பியின் வள்ளத்துக்கு நான்தான் ஜிபிஎஸ் திருத்துகிறவன். ஃபோனில் முழுவதையும் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "பல்பு போட்டுப் பாத்தீங்களா தம்பி?"

இல்லை என்றேன். "மீற்றர் கரண்ட் இழுக்காது தம்பி. ஒரு நூல் வயர் இருந்தாலும் பன்ரெண்டு காட்டும். பிரேக் லைட் பல்பு ஒண்ட எடுத்து அதுக்குக் கரண்ட் குடுத்துப் பாருங்க, எந்த வயரு ஏமாத்துதுண்டு தெரியும்" என்றார்.

21 வோட் பிரேக் பல்ப், ஹோல்டர், இரண்டு துண்டு வயர், எல்லாம் 330 ரூபா. அந்த பல்ப் 12 வோல்றில் கிட்டத்தட்ட 1.75 ஆம்பியர் இழுக்கும். மல்டிமீற்றர் இழுப்பது அதில் இலட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஈசியூ கனெக்டரின் துளைக்குள் தடித்த மீற்றர் கம்பியைத் திணித்தால் உள்ளே இருக்கும் பிடி விரிந்துபோய்ப் புதுப் பழுது வரும். அதனால் பழைய ரேடியோ கனெக்டர் ஒன்றில் இருந்து அதே அகலமான தகட்டுக் கால் ஒன்றை எடுத்துச் சோதனை வயரின் நுனியில் ஒட்டிக்கொண்டேன்.

நிரந்தர பிளஸில் பல்ப் வெள்ளையாக எரிந்தது. திறப்பு பிளஸிலும் அப்படியே. ரிலே பிளஸிலும் அப்படியே. பிறகு பல்பின் ஒரு முனையைப் பற்றரி பிளஸிலும் மறு முனையை ஈசியூவின் மைனஸ் காலிலும் வைத்தேன்.

பல்ப் எரிந்தது, ஆனால் எண்ணெய் முடியப்போகும் அகல்விளக்குத் திரி மாதிரி. இழை சிவப்புக்கும் செம்மஞ்சளுக்கும் நடுவில் நின்றது, வெளிச்சம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. மற்ற இரண்டு மைனஸ் கால்களிலும் அதே. எஞ்சின் பக்கம் போகும் வயர்க் கட்டை மனைவி மெல்ல அசைத்தபோது ஒரு கணம் பிரகாசமாகித் திரும்ப மங்கியது. அப்படியே எரியவிட்டு, பற்றரி மைனஸுக்கும் ஈசியூ மைனஸ் காலுக்கும் நடுவில் அளந்தேன். 7.3 வோல்ற். பூச்சியத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய இடம் அது. பாதிக்கு மேற்பட்ட வோல்ற் வயரிலேயே காணாமல் போகிறது. என் மீற்றரின் பீப் சத்தம் 50 ஓம் வரைக்கும் கேட்கும் என்று அதன் கையேட்டிலேயே இருக்கிறது. ஈசியூவின் எர்த்தில் 7 ஓம் இருந்தால்கூடப் பீப் என்றுதான் சொல்லும். நான் பீப்பைக் கேட்டேன், எண்ணைப் பார்க்கவில்லை.

இதற்குப் பிறகு அரை மணித்தியால வேலை. பல்ப் எரிந்தபடியே இருக்க, மீற்றரின் கறுப்பு முனையைப் பற்றரி மைனஸில் வைத்துவிட்டுச் சிவப்பு முனையை ஒவ்வோர் இடமாக நகர்த்தினேன். எஞ்சின் உடம்பு: 0.01 வோல்ற். எர்த் போல்ட்டின் தலை: 0.01. நான் சாண்ட் பேப்பரால் தேய்த்த வளையம்: 0.02. வளையத்தில் இருந்து மூன்று சென்ரிமீற்றர் தள்ளி, வயரின் தோலுக்குள் குத்தூசியைச் செருகினால்: 7.2. ஆக, அந்த மூன்று சென்ரிமீற்றருக்குள்தான். ஸ்டார்ட்டர் ஏன் எப்போதும் பலமாகச் சுற்றியது என்பதும் இப்போது விளங்கியது. எஞ்சினுக்கான தடித்த எர்த் வேறு, ஈசியூவின் எர்த் வேறு.

கறுப்பு டேப்பைப் பிரித்தேன். வெளியே வயரின் தோல் புதிதுபோல மினுங்கியது. வளையத்தின் கழுத்தில் வெட்டியதும் உள்ளே இருந்து பச்சைத் தூள் கொட்டியது. பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்காமல் விட்டால் மூலையில் பிடிக்குமே, அந்தக் களிம்பு. செப்பு இழைகள் கறுத்து, விரலால் உருட்டினால் உதிர்ந்தன. இரண்டோ மூன்றோ இழைதான் முழுசாக இருந்தன, அவையும் கறுப்பு. மழையும் உப்பும் வளையத்தின் நசுக்கிய வாயால் புகுந்து, விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதுபோல இழைகளுக்கு நடுவால் மேலே ஏறியிருக்கின்றன. துண்டு துண்டாக வெட்டிக்கொண்டே போனேன். 5 சென்ரிமீற்றரில் கறுப்பு. 9இல் கறுப்பு. 14 சென்ரிமீற்றரில்தான் செப்பின் உண்மையான நிறம் வந்தது.

திருத்தத்துக்கு வள்ளங்களுக்குப் போடும் வெள்ளீயம் பூசிய செப்பு வயரை எடுத்தேன், 2.5 சதுர மில்லிமீற்றர், மீற்றர் 350 ரூபா, இரண்டு மீற்றர். உப்புக் காற்றில் வெறும் செப்பை விட இது பல மடங்கு தாங்கும் என்பதை வள்ளங்களில் வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். வெள்ளீயம் பூசிய வளையங்கள் நாலு, 280 ரூபா. உள்ளே பசை உள்ள சுருங்கும் குழாய், 240 ரூபா. அந்த வளையத்தில் சேர்ந்திருந்த பழைய மூன்று மைனஸ் வயர்களும் ஒரே இடத்தில் தடிக்காதபடி வேறு வேறு நீளத்தில் வெட்டி, ஒவ்வொன்றுக்கும் புது வயர் தொடுத்து, தனித்தனி வளையம் வைத்தேன்.

வளையத்துக்கு ஈயம் ஒட்டவில்லை, நல்ல நசுக்கும் குறட்டால் நசுக்கினேன். என் தொழிலே ஈயம் ஒட்டுவதுதான், ஆனாலும் அதிரும் இடத்தில் அதை நான் செய்வதில்லை. ஈயம் இழைகளுக்குள் ஏறி இறுகிவிடும், அது முடியும் இடத்தில் வயர் மடிந்து மடிந்து முறியும். வள்ளத்து எஞ்சின்களில் அப்படி முறிந்தவற்றை எத்தனையோ பார்த்திருக்கிறேன். நசுக்கிய பிறகு இழுத்துப் பார்த்து, சுருங்கும் குழாயைச் சூடாக்கிப் பசை வாயால் கசியும்வரை விட்டேன். அந்தக் கசிவுதான் அடைப்பு. கடைசியில் போல்ட்டின்மேல் கொஞ்சம் வாசலின்.

திரும்பவும் பல்ப். வெள்ளையாக எரிந்தது. எர்த்தில் இழப்பு 0.02 வோல்ற். ஈசியூவைப் பூட்டி, பற்றரியை இணைத்து, திறப்பைத் திருப்பினேன். மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிந்தது. ஆறு கிழமையாகப் பார்க்காத விளக்கு. ஸ்டார்ட்டரைத் தொட்டதும் பிடித்தது. ஐந்தாறு நிமிடம் கொஞ்சம் உயர்ந்த வேகத்தில் ஓடிப் பிறகு தானாகவே அடங்கியது. பற்றரி நாள்கணக்கில் கழற்றிக் கிடந்தால் அப்படித்தான். யூ0100ஐ அழித்தேன், திரும்ப வரவில்லை.

அன்றிரவே அநுராதபுரச் சந்தி வழியாகக் கன்னியாவரை போய் வந்தோம். திரும்பும்போது கோட்டைப் பக்கம் மான்கள் வீதியைக் கடந்துகொண்டிருந்தன. எஞ்சினை நிறுத்தாமல் பத்து நிமிடம் நின்றோம், ரெவ் முள் ஆடவில்லை. பொங்கல் முடிந்து கந்தளாய்க்குப் போய் வந்தேன், போகும்போதும் வரும்போதும் மழை. அதற்குப் பிறகு இரண்டு தடவை பொனற்றைத் திறந்து வேண்டுமென்றே தண்ணீர் தெளித்தும் பார்த்தேன்.

மொத்தம் 10,050 ரூபா. அதில் பல்போடு சேர்த்துத் திருத்தத்துக்கு 1,550, ஸ்கேனருக்கு 3,200. பற்றரி முனை, ரிலே, கராஜ்காரருக்குக் கொடுத்தது என்று 5,300 தேவையில்லாமல் போனது. அடுத்த முறை முதல் வேலையாகத் திறப்பைப் போட்டு எஞ்சின் விளக்கைப் பார்ப்பேன். இரண்டாவது, பற்றரி கழற்றி 60 ஓம். மூன்றாவது, மீற்றரைத் தொடாமல் பல்ப். இந்த மூன்றும் ஒரு காலைக்குள் முடியும். எர்த் போல்ட்டைக் கழற்றினால் வளையத்தை மட்டும் தேய்த்துவிட்டுப் பூட்ட மாட்டேன், டேப்பைப் பிரித்துக் கழுத்தையும் பார்ப்பேன். கடற்கரையோரம் கார் வைத்திருப்பவர்கள் இதை மாரி தொடங்குவதற்கு முன் ஐப்பசியில் செய்துகொள்வது நல்லது.

மற்ற இரண்டு எர்த் போல்ட்டுகளையும் போன ஞாயிறு பிரித்தேன். ஒன்றில் களிம்பு தொடங்கியிருந்தது, 4 சென்ரிமீற்றர் வரை. அதையும் மாற்றியாயிற்று. பின்பக்க விளக்குகளின் எர்த் இன்னும் பாக்கி. வயர் 40 சென்ரிமீற்றர் மிச்சம் இருக்கிறது, அது போதும்.